எட்டு மணிக்கு வந்த எழில்

ஜூலை 14, திங்கள்

ஆவடியில் ஏறும்போது லேடீஸ் பெட்டியில் நிற்கவும் இடமில்லை. ஜன்னலோரம் இருந்த அக்கா என் மாஸ்க்கைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் காதில் என்னவோ சொன்னார். இரண்டு பேரும் எழுந்து கதவோரம் போய் நின்றுகொண்டார்கள்.

இது ஒட்டிக்கொள்ளும் வியாதி இல்லை, சின்ன வயதில் இரண்டு முறை நிமோனியா வந்து போனதில் என் நுரையீரல் கொஞ்சம் ரோஷக்காரியாகிவிட்டது, தூசும் புகையும்தான் ஆகாது என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. மூன்று பேர் சீட்டில் ஒருத்தியாக உட்கார்ந்து பட்டரவாக்கம் வரை போனேன். குற்றவுணர்ச்சி அடுத்த ஸ்டேஷனான அண்ணனூர் வரை இருந்தது. பிறகு தூங்கிவிட்டேன்.

ஜூலை 16, புதன்

வேலைக்குச் சேர்ந்து இன்றோடு மூன்று மாதம். இன்னும் மூன்று மாதம் போனால் நிரந்தரம். எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான் என்பதால், அப்பா எங்கள் ஊர் கோவில்பதாகை முழுக்க “பொண்ணு ஆபீஸ்ல கீது” என்று சொல்லி வைத்திருக்கிறார். ஆபீஸ்தான். லாரிக்கான இரும்பு பிராக்கெட் செய்து பவுடர் பெயிண்ட் அடித்து அனுப்பும் கம்பெனி. பிராக்கெட்டின் அளவுகளைப் படிவத்தில் ஏற்றுவது என் வேலை. எனக்கும் பெயிண்ட் அடிக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு தகரக் கதவு.

“ரோடு, ரயில், ஃபேக்டரி. மூணு இடத்துலயும் மாஸ்க் எறங்கக் கூடாது” என்று டாக்டர் சொன்னார். இறங்கவில்லை. இன்டர்வியூவுக்குக்கூட மாஸ்க்கோடுதான் போனேன். மதியம் கோப்பு அறைக்குள் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஏழு நிமிடத்தில் சாப்பிட்டு முடித்துவிடுகிறேன்.

இன்று சாம்பார் சாதத்தின் நடுவில்தான் உறைத்தது. இந்தக் கம்பெனியில் ஒருவர்கூட என் முகத்தைப் பார்த்ததில்லை. முதல் நாளே எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் யாரும் கவனித்திருக்கப் போவதில்லை. மூன்று மாதம் கழித்துக் கழற்றினால்? அது திறப்பு விழா.

நுரையீரலுக்காகத்தானே போட்டுக்கொண்டேன்? ஆமாம். முழுக்க அதற்காகவா? — தெரியவில்லை. மூடியிருக்கும்போது சௌகரியமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

மெஷின் பகுதியில் என் முகம் பற்றிப் பந்தயம் நடக்கிறதாம். தண்ணீர் பிடிக்கப் போனபோது காதில் விழுந்தது. மெஷின் ஓட்டும் லோகேஷின் குரல்.

“மாமே, கண்டிப்பா மீசை கீது. இல்லாட்டி இன்னாத்துக்கு மூடிக்கினே கீது அது?”

“போடா, முன்பல்லு ரெண்டு இல்ல. அதான் சிரிக்கவே மாட்டேங்குது.”

நான் தினமும் சிரிக்கிறேன். இப்போதுகூடச் சிரித்தேன். யாருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் மேலுதட்டைப் பார்த்தேன். லேசாக இருக்கிறதோ?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அம்மா என் ஆறு மாஸ்க்கையும் சோப்புத் தூள் போட்டு ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, கொடியில் க்ளிப் மாட்டிக் காயவைத்திருந்தாள்.

“அம்மா! இதைத் துவைக்கவே கூடாதும்மா!”

“இன்னாடி பேசற? ஊர்ல இருக்கிற அழுக்கெல்லாம் அதுலதான் கீது. தண்ணி எவ்ளோ கருப்பா வந்துச்சு தெரியுமா?” என்று பெருமையாகப் பக்கெட்டைக் காட்டினாள்.

ஆறும் இட்லித் துணி மாதிரி தொங்கிவிட்டன. இருபது உள்ள புதுப் பெட்டி வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வருகைப் பதிவேட்டில் ஒருவர் கையெழுத்தை இன்னொருவர் போடுகிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அதனால் வாசலில் முகம் பார்க்கும் மெஷின். முகத்தைக் காட்டினால் திரையில் பெயர் வரும், “தேங்க் யூ” சொல்லும். இன்று எல்லோருடைய முகத்தையும் அதில் ஏற்றினார்கள். வரிசையில் எனக்கு முன்னால் பதினோரு பேர். பின்னால் யாருமில்லை. ஆனால் முகம் ஏற்றி முடித்த மெஷின் பகுதி ஆட்கள் ஒருவர்கூட உள்ளே போகவில்லை. லோகேஷ் ஒரு டிரம்மின் மேல் ஏறி நின்றான்.

எனக்கு முன்னால் நான்கு பேர் இருக்கும்போது, கோப்பு அறையில் அவசர வேலை இருப்பது நினைவுக்கு வந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மதியம் யாருமில்லாத நேரத்தில், வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸ் மனோகரன் சாரிடம் போனேன். அவருக்கு ஒரு கையில் தயிர்சாதம், தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். மெஷின் முன் நிறுத்தினார்.

“மாஸ்க் கழட்டணுமா சார்?” என்று கேட்டேன். அந்தக் கேள்வி மாஸ்க்குக்கு வெளியே போகவே இல்லை என்று நினைக்கிறேன்.

“நேரா பாரும்மா... ம்ம்... ஆச்சு, போ.”

ஏற்றுக்கொண்டது! மாஸ்க்கோடு! இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

பெயிண்ட் பகுதியில் சபீனா என்று ஒருத்தி. பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். ஒப்பந்த ஆள். பிராக்கெட்டுகளைக் கொக்கியில் மாட்டி, பவுடர் தெளிக்கும் வேலை. முகத்தில் துப்பட்டா நுனிதான் கட்டியிருக்கிறாள். கதவைத் திறந்து டெலிவரி சீட்டைக் கேட்டவள், தும்மினாள். கர்சீப் முழுக்க மஞ்சள்.

“பயப்படாதீங்க மேடம், இன்னிக்கு மஞ்ச ஆர்டர். நேத்து பச்சை. ஊட்ல தும்முனேன், எதிர் ஊட்டுக் கொழந்த அழுதுட்ச்சு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பையிலிருந்து ஐந்து புது மாஸ்க் எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னா மேடம், மூக்குக்கு ஹெல்மெட்டா?”

பட்டையை எப்படி மாட்டுவது, மூக்குக் கம்பியை எப்படி அழுத்துவது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். நான் ஒருவரோடு இவ்வளவு நேரம் பேசியது இந்தக் கம்பெனியில் இதுதான் முதல் தடவை. அவள் தங்கை இஃபத் நான் படித்த அதே வேலப்பன்சாவடி காலேஜில் முதல் வருடமாம். வீட்டில் சம்பளம் கொண்டுவருவது சபீனா மட்டும்.

செப்டம்பர் 2, செவ்வாய்

சபீனா இப்போது பஸ்ஸிலிருந்தே மாஸ்க்கோடு வருகிறாள். லாரித் தூசு ஒன்றும் தெரிவதில்லையாம். கர்சீப்பை விரித்துக் காட்டினாள். வெள்ளை. எனக்கு ஏதோ பரிசு கிடைத்த மாதிரி இருந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

லீவு. ஆஸ்பத்திரியில் குழாயை ஊதும் சோதனை. “ஊது ஊது ஊது ஊது, விடாத, இன்னும் இன்னும்!” என்று அந்த நர்ஸ் கத்தியதில் வரிசையில் இருந்த எல்லோரும் சேர்ந்து எனக்காக மூச்சைப் பிடித்தார்கள். போன தடவையைவிடப் பரவாயில்லை என்று டாக்டர் சொன்னார். மாஸ்க்தான் காரணமாம்.

செப்டம்பர் 11, வியாழன்

மனோகரன் சார் என் மேஜைக்கே வந்தார்.

“எழில், உன்ன மாதிரி ஒரு பொண்ண நான் பாத்ததில்லம்மா. ஒன்பது மணி ஆபீஸுக்கு இந்த மாசம் தெனம் ஏழு அம்பத்தஞ்சுக்கே வந்துடற. ஒரு நாள்கூட லீவு இல்ல.”

“சார், செவ்வாய்க்கிழம நான்...”

“அன்னிக்கும் ஏழு அம்பத்தஞ்சு. எம்.டி. கிட்டயே சொல்லிட்டேன்.”

செவ்வாய்க்கிழமை ஏழு ஐம்பத்தைந்துக்கு நான் ஆவடியில் குழாய் ஊத வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மற்ற நாளில் ஒன்பதுக்கு வருவதே அபூர்வம். ஒன்பது பத்து, ஒன்பது பதினைந்து. மெஷின் முத்தின கேஸ். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி

சொல்லவில்லை. அவர் போனில் இருந்தார்.

செப்டம்பர் 15, திங்கள்

சொல்லவில்லை. அவர் போனில் இல்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

ஆயுத பூஜையன்று முழு வருகைக்கான சான்றிதழ் எனக்குத்தானாம். அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கிறார்கள். எம்.டி. கையால், எல்லோர் முன்னிலையிலும். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கு ஃப்ரேம் வாங்கிவிடுவாள்.

ஒரு கேள்வி மட்டும் குடைகிறது. ஏழு ஐம்பத்தைந்துக்கு வருவது யார்? திங்கட்கிழமை சீக்கிரமே போய், நான் வருவதை நானே பார்க்கப் போகிறேன்.

செப்டம்பர் 22, திங்கள்

ஏழரைக்கெல்லாம் கேட்டுக்கு எதிரில் டீக்கடை ஓரம் நின்றேன். ஏழு ஐம்பத்து நான்கு வரை நான் வரவில்லை. அடுத்த நிமிடம் பூந்தமல்லி பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் கூட்டமாக வந்தார்கள். நடுவில் சபீனா. மாஸ்க். நான் கொடுத்த மாஸ்க். பின்னாலிருந்தவர்கள் நெருக்க, மெஷினுக்கு முன்னால் ஒரு நொடி நின்றாள். “தேங்க் யூ.” ஓடிவிட்டாள். திரையில் என் பெயர்.

அதாவது மெஷினுக்குத் தெரிந்த எழில் ஒரு மாஸ்க். அதற்கு மேல் இரண்டு கண்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீக்கடைக்காரர் பார்த்தார். பட்டரவாக்கம் ஸ்டேஷன் வரை திரும்ப நடந்துபோய் வழக்கம்போல ஒன்பது பத்துக்கு வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன்? தெரியவில்லை. சீக்கிரம் வந்தது தெரிந்தால் கேள்வி கேட்பார்கள் என்றா?

செப்டம்பர் 25, வியாழன்

சிரித்தேனே. பாவி, சிரிச்சேனே.

ஒப்பந்தக்காரர் பூபாலன் இந்த மாதப் பட்டியலோடு வந்தார். தகரக் கதவு திறந்திருந்தது.

“இன்னாம்மா சபீனா, இருவது நாள் வரல. சொல்லவும் இல்ல. பூஜையோட நின்னுக்கோ.”

“அண்ணே! தெனமும் வந்துகினு தானே கீறேன்? நேத்து எங்கிட்டதானே நீ பேசின?”

“நான் பேசுனேன். மெஷின் உன்ன பாக்கலையே.”

“கூட வேல பாக்கற அனுசுயா அக்காவ கேளு, பெயிண்ட் பூத்துல எல்லாரையும் கேளு.”

“இப்படி ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கினுதானே மெஷினே வாங்கி வெச்சாங்க? ஆள் பொய் சொல்லுவான். மெஷின் சொல்லாது.”

அவள் வந்த நாளெல்லாம் என் கணக்கில். எழுந்து போய்ச் சொல்ல வேண்டும், நான்கு அடிதான். கால் வரல. எனக்கு கால் வரல. என்ன பொண்ணு நான்?

செப்டம்பர் 26, வெள்ளி

மனோகரன் சாரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு தடவை, சத்தமாக. அவர் முகம் வெளிறியது.

“மாஸ்க்கோடவா ஏத்தினேன்? அய்யய்யோ. எம்.டி.க்குத் தெரிஞ்சா எனக்கு இங்க வேலையே இருக்காதும்மா. பூஜை முடியட்டும். நைசா சரி பண்ணிடறேன்.”

“பூஜையோட சபீனாவ நிறுத்தறாங்க சார்.”

“பூஜை முடியட்டும்மா.”

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்ட மட்டும் எனக்கு எப்போதும் வருகிறது.

செப்டம்பர் 29, திங்கள்

சபீனாவைக் கோப்பு அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். முழுசாகக் கேட்டாள். “மேடம்” என்று கூப்பிடுவதெல்லாம் போய்விட்டது.

“அப்ப ஒரு மாசமா நான் உனக்காகவா பஸ் ஏறினேன்?”

மாஸ்க்கின் பட்டையை இழுத்து இழுத்து விட்டேன்.

“சர்டிபிகேட் வேற வாங்கப் போற. கூட நானும் வரட்டா, ஆளுக்குப் பாதி?”

அழுதேன். மாஸ்க் நனைந்து மூச்சு முட்டியது. அவள் நின்று பார்த்தாள். “மொதல்ல அத்த மாத்து” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அக்டோபர் 1, புதன்

விடுமுறை. நேற்று எழுத முடியவில்லை. இரண்டு முறை ஆவி மருந்து பிடித்தேன். இப்போது பரவாயில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நேற்றே கம்பெனியில் பூஜை. ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. என் கம்ப்யூட்டருக்கும் மூன்று பொட்டு. சாம்பிராணித் தட்டு பகுதி பகுதியாகப் போய் வந்ததில், பத்தடி தூரத்தில் இருப்பவர் நிழலாகத் தெரிந்தார். நான் கதவோரம் மாஸ்க்கை இறுக்கிக்கொண்டு நின்றேன். வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரி பொட்டலம் கொடுத்து, கடைசியில் எம்.டி. மைக்கைப் பிடித்தார்.

“முழு வருகை. எழில்!”

கை தட்டினார்கள். ஸ்பீக்கரில் நாதஸ்வரம். எப்படிப் போனேன் என்று நினைவில்லை. அவர் சான்றிதழை நீட்டினார். நான் கையை நீட்டவில்லை.

“சார், இது என்னுது இல்ல.”

“என்னம்மா? கேக்கல.”

“என்னுது இல்ல சார்.”

“பாட்ட நிறுத்துங்கப்பா. என்னம்மா சொல்ற?”

பாட்டு நின்றது. அப்போதும் மாஸ்க்குக்குள்ளிருந்து முனகல்தான் வந்தது. பெயிண்ட் பகுதிப் பெண்களின் வரிசையில் சபீனா கைகட்டி நின்றிருந்தாள். கடைசி நாள் என்பதாலோ என்னவோ நல்ல புடவை.

கழற்றினேன்.

எழுபது பேர் ஒரே நேரத்தில் அமைதியாவதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. வாயைத் திறந்தேன். ஒரு வண்டி சாம்பிராணி உள்ளே போனது. முதலில் வந்தது பேச்சு இல்லை, இருமல். இருமலுக்கு நடுவே வந்ததுதான் பேச்சு. “ஏழு அம்பத்தஞ்சுக்கு” — இருமல் — “வரது சபீனா சார்” — இருமல் — “நான் லேட்டு சார். தெனமும் லேட்டு.”

பின்னால் லோகேஷ் யாரிடமோ, “மூஞ்சி நல்லாத்தானே கீது?” என்று ஏமாற்றத்தோடு சொன்னது தெளிவாகக் கேட்டது.

சபீனா ஓடிவந்து என் முகத்தில் மாஸ்க்கை அழுத்தினாள். “மூட்றீ மொதல்ல! செத்துகித்து வெக்கப் போற, அதுவும் என் கணக்குல எழுதுவானுங்க.”

பூபாலன் ஒப்புக்கொள்ளவில்லை. “சார், தோஸ்த்துங்க ரெண்டும் பேசி வெச்சுக்கினு வந்துகீதுங்க. மெஷின் பொய் சொல்லாது.” எம்.டி., “சோதிச்சுப் பாத்துடலாம்” என்றார். எல்லோரும் வாசலுக்கு நகர்ந்தோம். சபீனா மாஸ்க் போட்டு மெஷின் முன் நின்றாள். மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. பூபாலன், “பாத்தீங்களா?” என்றார்.

எம்.டி. நின்றார். அவரையும் அதற்குத் தெரியவில்லை.

பிறகுதான் பார்த்தோம். மனோகரன் சார் பூஜையில் அதற்கும் பொட்டு வைத்திருக்கிறார். கேமராவின் மேலேயே. நல்ல பெரிய பொட்டு.

“தொடைங்க சார்.”

“பூஜை பொட்ட எப்படி சார் அழிக்கறது? நாளைக்கு...”

“மனோகரன்!”

துடைத்தார். சபீனா நின்றாள். “தேங்க் யூ.” திரையில் எழில். கூட்டத்தில் ஓவென்று சத்தம். “இத்தயும் பாருங்க” என்று லோகேஷ் என்னிடம் ஒரு மாஸ்க் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு நின்றான். எழில். அனுசுயா அக்கா. எழில். பையிலிருந்த மாஸ்க் ஒவ்வொன்றாகப் போனது. கடைசி மாஸ்க்கை எம்.டி. வாங்கினார். மூக்குக் கம்பியை அழுத்தத் தெரியவில்லை. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நின்றார்.

“தேங்க் யூ” என்றது மெஷின். அவரும் எழில்.

யாருக்கும் சிரிக்கத் தைரியமில்லை. அவரே மாஸ்க்குக்குள் குலுங்கினார். அதன் பிறகு பூபாலன் உட்படச் சிரித்தோம்.

சபீனாவின் இருபது நாளும் அவள் கணக்கில் ஏறியதை அங்கேயே நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அக்டோபர் 3, வெள்ளி

கணக்கைத் திருப்பி எழுதியதில் என் தாமதங்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. பத்தொன்பது. நிரந்தரம் ஜனவரிக்குத் தள்ளிப் போயிற்று. “உண்மைய சொன்னதுக்கு சந்தோஷம். லேட்டா வந்ததுக்கு மெமோ” என்றார் எம்.டி. மனோகரன் சாருக்கும் ஒரு மெமோ. வேலை இருக்கிறது. என்னைப் பார்த்தால் பெருமூச்சு விடுகிறார்.

மாஸ்க் இல்லாமல் என் முகத்தை ஏற்றினார்கள். யாரும் டிரம்மின் மேல் ஏறவில்லை.

சபீனா பேசவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்றும் பேசவில்லை. ஏழு நாற்பது ரயில். இரண்டு நாளாக எட்டரைக்கே வந்துவிடுகிறேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

பெயிண்ட் பகுதிக்கு மாதாமாதம் மாஸ்க் வாங்க வேண்டும் என்று கோரிக்கைப் படிவம் எழுதி, நானே எம்.டி. மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். மாஸ்க்கோடுதான் போனேன். ஆனால் நான் சொன்னதை அவர் இரண்டாவது தடவை கேட்கும்படி நேரவில்லை. கையெழுத்துப் போட்டார்.

மாலை கதவைத் திறந்து சபீனா எட்டிப் பார்த்தாள். “பெரிய சைஸும் ரெண்டு சேத்து எழுது. அனுசுயா அக்கா மூக்குக்கு இது பத்தாது.”

எழுதினேன்.

நவம்பர் 6, வியாழன்

மழை. கோப்பு அறையில் ஒழுகியது. அட்டைப் பெட்டிகளை நகர்த்திவிட்டுச் சாப்பாட்டு டப்பாவோடு நின்றேன். உட்கார இடமில்லை. சபீனா சாப்பாட்டு மேஜையிலிருந்து, “இன்னா சொவர தேடறியா? இங்க வா” என்றாள்.

ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். பெயிண்ட் பூத்தை மதியம் நிறுத்திவிடுகிறார்கள், காற்று பரவாயில்லை. மாஸ்க்கைக் கழற்றிப் பையில் வைத்தேன். எதிரில் லோகேஷ். பக்கத்தில் அனுசுயா அக்கா. ரயில் லேட், பெட்டிக்குள் தண்ணீர், அனுசுயா அக்கா மருமகன் வாங்கிய பைக் என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. நானும் நடுவில் ஒன்று சொன்னேன். திருமுல்லைவாயலில் இருபது நிமிடம் நின்றோம் என்று. யாரோ “ஆமா” என்றார்கள்.

லோகேஷ் டப்பாவிலிருந்து தலையைத் தூக்காமல், “ஊறுகாய இப்டி தள்ளுங்க” என்றான்.

தள்ளினேன்.